ஆவியாகும் எண்ணெயும் வீட்டுப் பூச்சிகளும்: ஓர் எளிய விளக்கம்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அதில் ஒரு சொட்டு நல்லெண்ணெயும், நாலு விரல் தள்ளி ஒரு சொட்டு நீலகிரி தைலமும் விட்டு, மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். சென்னையின் மே மாத மதியமாக இருந்தால், சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பதற்குள் தைலம் விழுந்த இடம் ஏறக்குறையக் காய்ந்திருக்கும். நல்லெண்ணெய் விழுந்த இடமோ மேலும் பரவி, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்குத் தாளில் ஊறியிருக்கும். நறுமண எண்ணெய்களைக் கொண்டு வீட்டுப் பூச்சிகளை விரட்டலாம் என்று உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் வந்து விழும் குறிப்புகளில் எது பலிக்கும், எது பலிக்காது என்பதைப் பிரித்தறிய இந்தச் சிறு சோதனை பெருமளவு உதவும். தைலம் ஆவியாகிறது. ஆவியாவதால்தான் அது பூச்சியை எட்டுகிறது. ஆவியாவதால்தான் சிறிது நேரத்தில் இல்லாமலும் போகிறது.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எசென்ஷியல் ஆயில் என்பதைச் சிலர் ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று மொழிபெயர்த்து, ஏதோ உடலுக்கு இன்றியமையாத பொருள் போன்ற எண்ணத்தை ஏற்படுத்திவிட்டார்கள். அந்தச் சொல் செடியின் எசென்ஸ், அதாவது சாரம், என்ற பொருளில் வந்தது. தேவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தக் கட்டுரையில் நறுமண எண்ணெய் என்றே சொல்கிறேன். இலை, பட்டை, மொட்டு, வேர் ஆகியவற்றின் ஊடாக நீராவியைச் செலுத்தி, அந்த ஆவியைக் குளிர்வித்து, நீரிலிருந்து பிரிந்து நிற்கும் எண்ணெயைத் தனியே எடுப்பதே இதைத் தயாரிக்கும் பொதுவான முறை. ஆரஞ்சு, எலுமிச்சை போன்றவற்றின் எண்ணெயைத் தோலைப் பிழிந்தே எடுத்துவிடலாம். ஆரஞ்சுத் தோலை மடக்கிப் பிதுக்கும்போது கண்ணில் தெறித்து எரிச்சலூட்டுவது அதுதான். கிராம்பு எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய், அதன் இனப் புல்லிலிருந்து எடுக்கும் சிட்ரோனெல்லா, புதினா எண்ணெய், நீலகிரி தைலம், வெட்டிவேர் எண்ணெய் எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவை. வேப்பெண்ணெய் இந்த இனத்தில் சேராது. அது கொட்டையிலிருந்து ஆட்டியெடுத்த, ஆவியாகாத எண்ணெய். அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியின் பசியையும் தோலுரிக்கும் வளர்ச்சியையும் கெடுத்து வேலை செய்கிறது. நாட்டு மருந்துக் கடையில் தைலம் என்று கேட்டால், நல்லெண்ணெயில் மூலிகைகளைக் காய்ச்சி வடித்த குப்பியையும் எடுத்துத் தருவார்கள், நீராவியில் வடித்த நீலகிரி தைலத்தையும் எடுத்துத் தருவார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றே தவிர, குணம் வேறு.

செடி எதற்காக இந்த எண்ணெயைச் செய்து வைத்துக்கொள்கிறது என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். ஓட முடியாத உயிர் தன்னைக் கடிக்க வரும் பூச்சிக்கு எதிராகச் சேர்த்து வைக்கும் இரசாயனங்களில் இதுவும் ஒன்று. அதை இலையின் மேல் பூசிக்கொண்டு நிற்பதில்லை; நுண்ணிய சுரப்பிகளுக்குள் அடைத்து வைத்திருக்கிறது. இலையைக் கசக்கினாலோ பூச்சி கடித்தாலோதான் சுரப்பி உடைந்து மணம் வெளிப்படுகிறது. இதனால்தான் ஜன்னலோரம் ஒரு துளசித் தொட்டியையோ கொசு விரட்டும் செடி என்று நாற்றங்காலில் விற்கும் செடியையோ வைத்துவிட்டு, கொசு வராது என்று நம்பியிருப்பதில் பயனில்லை. 2010-களின் தொடக்கத்தில் சென்னை மாநகராட்சி, கொசுத் தொல்லை மிகுந்த நீர்வழிகளின் ஓரம் வாழ்வோருக்கு நொச்சிச் செடி வழங்கும் திட்டத்தை அறிவித்தது. நொச்சி இலையில் பூச்சிகளை விரட்டும் பொருட்கள் இருப்பது உண்மை. கிராமங்களில் மாட்டுக் கொட்டிலில் நொச்சித் தழையைப் புகையவிட்டதும் அதனால்தான். ஆனால் அந்தப் புகையில் இலை எரிந்து எண்ணெய் வெளியேறுகிறது, வேலியில் நிற்கும் செடியிலோ எண்ணெய் இலைக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

இந்த எண்ணெய்கள் பூச்சியை மூன்று விதமாகத் தாக்குகின்றன. முதலாவது மணம்: பூச்சிகள் உணர்கொம்பினால் முகர்ந்தே உணவையும் துணையையும் வழியையும் அறிவதால், கடுமையான ஆவி அவற்றின் மோப்பத்தைக் குழப்பி, அந்த இடத்தை விட்டு விலகச் செய்கிறது. இரண்டாவது தொடுகை: எண்ணெய் நேரடியாக உடம்பில் பட்டால் மேல்தோலின் மெழுகுப் படலத்தின் வழியே உள்ளே ஊடுருவி நரம்புகளைப் பாதிக்கிறது. நம் உடலில் நோரட்ரினலின் என்ற நரம்புத் தூதுப் பொருள் செய்யும் வேலைக்கு இணையான வேலையைப் பூச்சிகளில் ஆக்டோபமைன் என்ற பொருள் செய்கிறது. கிராம்பிலுள்ள யூஜினால் போன்ற சில பொருட்கள் அந்த ஆக்டோபமைனின் செயலில் குறுக்கிடுகின்றன. முதுகெலும்புள்ள உயிர்கள் ஆக்டோபமைனைப் பெரிதாக நம்பியிராததால், பூச்சியைக் கொல்லும் அளவு நமக்குப் பெரும்பாலும் தாங்கக்கூடியதாக இருக்கிறது. மூன்றாவது, மூடிய இடத்தில் தேங்கும் ஆவி: டப்பாவுக்குள்ளோ பெட்டிக்குள்ளோ ஆவி அடர்ந்து நிற்கும்போது, பூச்சி அதையே தொடர்ந்து சுவாசித்து மடிகிறது அல்லது முட்டையிடாமல் போகிறது. ஆய்வகத்தில் இந்த எண்ணெய்கள் வியப்பூட்டும் முடிவுகளைத் தருவதற்கு முக்கியக் காரணம், அங்கே சோதனை நடப்பது பெரும்பாலும் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் என்பதே. நம் வீட்டுக் கூடம் குடுவை அல்ல. எதிரெதிரே ஜன்னல் திறந்து, மேலே மின்விசிறி சுழலும் அறையில் பத்து சொட்டு எண்ணெயின் ஆவி சில நிமிடங்களில் கலைந்துவிடுகிறது.

ஆகவே எந்தக் குறிப்பைப் படித்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: அந்தப் பூச்சி இருக்கும் இடத்தில் ஆவி தேங்கி நிற்குமா, அல்லது எண்ணெய் அதன் உடம்பில் நேரடியாகப் படுமா? இரண்டும் இல்லை என்றால் எஞ்சுவது சிறிது நேரத்துக்கான விரட்டல் மட்டுமே.

கொசுவுக்கு வருவோம், ஏனெனில் சென்னையில் இந்த எண்ணெய்களை வாங்குவோரில் பெரும்பாலோர் கொசுவை நினைத்தே வாங்குகிறார்கள். இங்கே நம்மைக் கடிப்பது ஒரே கொசு அல்ல. கூவம், பக்கிங்ஹாம் கால்வாய், தேங்கிய மழைநீர் வடிகால் போன்ற அழுக்கு நீரில் பெருகி, இரவில் காதருகே வந்து ரீங்காரமிடுவது கியூலெக்ஸ். மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகி மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்ஸி. பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் நல்ல நீரில் பெருகி, பகலில் கடித்து டெங்குவைப் பரப்புவது ஈடிஸ் எஜிப்டி. இரவு படுக்கும்போது எண்ணெயின் மணத்தை அறையில் பரப்பும் டிஃப்யூசர் கருவியில் சிட்ரோனெல்லா ஊற்றி வைப்பவர், காலை பள்ளி நேரத்திலும் மாலை வெயில் தாழும் நேரத்திலும் கடிக்கும் ஈடிஸிடமிருந்து எந்தப் பாதுகாப்பையும் பெறுவதில்லை.

தோலில் பூசிக்கொண்டால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு நல்ல அளவீடு ஒன்று இருக்கிறது. 2002-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வில், தன்னார்வலர்கள் விதவிதமான கொசு விரட்டிப் பூச்சுகளைக் கையில் தடவிக்கொண்டு ஈடிஸ் எஜிப்டி கொசுக்கள் உள்ள கூண்டுக்குள் கையை நீட்டினார்கள். டீட் என்ற செயற்கை விரட்டியை 23.8 சதவீதம் கொண்ட பூச்சு சராசரியாக 5 மணி நேரம் காத்தது. சிட்ரோனெல்லா அடிப்படையிலான பூச்சுகள் 20 நிமிடங்கள்கூடத் தாங்கவில்லை. சுவையான செய்தி என்னவென்றால், 2 சதவீத சோயா எண்ணெயை விரட்டும் பொருளாகக் கொண்ட ஒரு பூச்சு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் காத்தது. தாளில் விட்ட அந்த நல்லெண்ணெய்ச் சொட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவியாகாத எண்ணெய் தோலிலேயே தங்குகிறது. வீட்டில் சிட்ரோனெல்லாவையோ எலுமிச்சைப்புல் எண்ணெயையோ கைகால்களில் பூச விரும்புவோர் அதைத் தேங்காய் எண்ணெயில் கலந்து பூசுவதில் இரு நன்மைகள் உண்டு: தோல் எரியாது, ஆவியாவதும் சற்றுத் தாமதமாகும். அப்படியும் மணிக்கொரு முறை பூச வேண்டியிருக்கும்; நம் ஊர் வியர்வையில் அதற்கு முன்பே கூட.

யூகலிப்டஸ் என்ற பெயரில் ஒரு குழப்பம் நிலவுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2005 முதல் பரிந்துரைக்கும் ‘எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய்’ என்பது, எலுமிச்சை மணமுள்ள ஒரு யூகலிப்டஸ் மரத்தின் எண்ணெயைப் பக்குவப்படுத்தி, அதில் பி.எம்.டி. என்ற கனமான, மெதுவாக ஆவியாகும் பொருளை மிகுவித்துத் தயாரிப்பது. அதையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பூசக் கூடாது என்றே அந்த மையம் சொல்கிறது. ஊட்டியிலிருந்து வாங்கி வரும் நீலகிரி தைலம் வேறு மரத்தினுடையது; அதில் மிகுதியாக இருப்பது சினியோல் என்ற பொருள். மூக்கடைப்புக்கு அது பெயர்பெற்றது. கொசுவிடம் அதே பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

கொசுப்புழுக்களைக் கொல்ல எண்ணெயைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வகத்தில் பல நறுமண எண்ணெய்கள் கொசுப்புழுவைக் கொல்கின்றன என்றாலும், குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்தும் நீரில் கிராம்பு எண்ணெயை ஊற்றுவது சரியான யோசனை அல்ல. முட்டையிலிருந்து இறக்கை முளைத்த கொசுவாக ஈடிஸ் மாறுவதற்கு நம் வெப்பத்தில் 7 முதல் 10 நாட்கள் ஆகும். வாரம் ஒரு முறை தட்டுகளைக் கவிழ்த்து, முட்டை ஒட்டியிருக்கும் ஓரங்களைத் தேய்த்துக் கழுவினால் அந்தச் சுழற்சி அறுந்துபோகும். தேய்த்துக் கழுவுவது முக்கியம், ஏனெனில் ஈடிஸின் முட்டை தண்ணீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, வடகிழக்குப் பருவமழையின் முதல் மழையில் பொரியும். மாநகராட்சிப் பணியாளர் வந்து மேல்நிலைத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கும்போது சலித்துக்கொள்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கரப்பான் பூச்சியில் நம் வீடுகளில் இரண்டு வகைகள் பரவலாக உண்டு. பெரிய, செம்பழுப்பு நிறக் கரப்பான் சாக்கடையிலும் கழிவுநீர்க் குழாயிலும் வாழ்ந்து, இரவில் குளியலறை ஜாலி வழியாக மேலே வருவது. சிறிய, வெளிர்பழுப்பு நிற ஜெர்மன் கரப்பானோ பெரும்பாலும் சமையலறையை விட்டு வெளியே போவதில்லை. அலமாரிக் கீல், குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார், மிக்ஸியின் அடிப்பாகம் என்று சூடும் இருளும் உள்ள இடுக்குகளில் குடியிருப்பது. புதினா எண்ணெயோ கிராம்பு எண்ணெயோ கலந்த நீரைக் கரப்பானின் மேல் நேராகத் தெளித்தால் அது புரண்டு விழும். ஆனால் அந்தக் கலவையில் எண்ணெயைத் தண்ணீரோடு சேர்ப்பதற்காகக் கலந்த சோப்புக்கும் அந்த வெற்றியில் பங்கு உண்டு: பூச்சி சுவாசிப்பது உடம்பின் இரு பக்கமும் உள்ள நுண்துளைகளால், சோப்பு நீர் அவற்றுக்குள் புகுந்து அடைத்துவிடும். வெறும் சோப்பு நீரை ஒரு முறை முயன்று பார்ப்பவர்கள் விலை உயர்ந்த எண்ணெயை வாங்குவதற்கு முன் யோசிப்பார்கள்.

கண்ணில் பட்ட ஒரு கரப்பானைக் கொல்வது வேறு, கூட்டத்தைக் குறைப்பது வேறு. ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைப் பையில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். பொரியும் நேரம் வரை தாய் அதைச் சுமந்தே திரியும். அந்தப் பையின் கெட்டியான ஓட்டுக்குள் எண்ணெய் எளிதில் இறங்குவதில்லை. மேலும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மணத்தால் விரட்டுவது என்பது, குழாய் செல்லும் சுவர்த் துளை வழியாகப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வைப்பதுதான். ஒரு மாதம் கழித்து அவர்கள் வேறு எதையாவது தெளிக்கும்போது அவை திரும்பி வரும்.

இதைவிட முக்கியமான ஒன்றை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் கரப்பானுக்கான ஜெல் இரையைப் புள்ளி புள்ளியாக வைத்த அதே வாரம், கூடுதல் பாதுகாப்புக்கு என்று அலமாரி முழுவதும் கிராம்பு எண்ணெயையும் தெளித்து வைத்தேன். பதினைந்து நாள் கழித்தும் இரை வைத்தபடியே இருந்தது. இரை என்பது பூச்சி தேடி வந்து தின்று, பதுங்குமிடத்துக்குத் திரும்பிப் போய்ச் சாகும்படி அமைத்த ஏற்பாடு. விரட்டும் மணம் பூச்சியை இரையை நெருங்கவே விடுவதில்லை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கரப்பான் தொல்லை முற்றிய வீட்டில் நான் இரையையே தேர்ந்தெடுப்பேன்: கடையில் விற்கும் ஜெல், அல்லது போரிக் அமிலத்தைச் சர்க்கரையும் மாவும் சேர்த்துப் பிசைந்த உருண்டை. போரிக் அமிலமும் குழந்தைகளின் வாய்க்குப் போகக் கூடாத பொருள்தான் என்பதை மறக்கக் கூடாது. நறுமண எண்ணெயின் இடம் அதற்குப் பிறகு வருகிறது. குளியலறை ஜாலிக்கு நுண்வலை போட்டு, சிங்க்குக்கு அடியில் உள்ள குழாய்த் துளையை அடைத்து, இரவில் எச்சில் பாத்திரம் வைக்காத வீட்டில், ஜாலியைச் சுற்றி வாரம் இரு முறை புதினா எண்ணெய்க் கலவையைத் தெளிப்பது சாக்கடைக் கரப்பானைத் தயங்க வைக்கும்.

எறும்புக்கும் இதே கணக்குதான். எறும்புகள் வயிற்றிலிருந்து சுரக்கும் மணத்தால் தரையில் வழிக்கோடு இட்டுக்கொண்டு நடப்பதால், அந்தக் கோட்டைச் சோப்பு நீரால் துடைத்து, கிராம்பு எண்ணெயோ ஆரஞ்சு எண்ணெயோ தொட்ட பஞ்சால் நுழைவாயிலில் ஒரு தடவு தடவினால் வரிசை உடனே கலைந்துவிடும். பிள்ளையார் எறும்புக்கு இது போதும். அவையும் ஊர்ந்துவிட்டுப் போகிறவைதான். ஆனால் சுவிட்சுப் பெட்டிக்குள்ளும் சுவர் வெடிப்பிலும் கூடு வைக்கும் மஞ்சள் நிறச் சிற்றெறும்பு சிலவற்றுக்கு ஒரு கூட்டில் பல ராணிகள் உண்டு. அவற்றைக் கடுமையான மணத்தால் கலைத்தால், ராணிகள் ஆளுக்கு ஒரு கூட்டத்தோடு பிரிந்து வெவ்வேறு இடங்களில் புதிய கூடு கட்டிவிடும். அங்கே சர்க்கரை கலந்த இரை மட்டுமே கூட்டின் உள்ளே சென்று சேரும்.

இதுவரை நான் இந்த எண்ணெய்களைப் பெரிதாகப் புகழவில்லை. அவை உண்மையிலேயே சிறந்து விளங்கும் இடம் மூடிய பெட்டியும் அலமாரியும். இது நம் ஊருக்குப் புதிய செய்தியும் அல்ல. சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைத் துடைத்து எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிப் பாதுகாக்கும் வழக்கம் உண்டு. அந்த எண்ணெய் காய்ந்து முறியக்கூடிய ஓலைக்கு நெகிழ்ச்சியைத் தருகிறது, பூச்சியையும் அண்டவிடுவதில்லை. தடவிய சுவடியை மரச்சட்டங்களுக்கு இடையே இறுகக் கட்டி வைப்பதால், எண்ணெய் ஏடுகளுக்கு நடுவே நெடுநாள் தங்குகிறது. ஒரு முறை தடவியதோடு விடாமல், ஆண்டுதோறும் எடுத்துப் பார்த்துத் தடவும் பராமரிப்பும் அதன் பின்னால் இருக்கிறது.

ஆனால் காகிதப் புத்தகத்தில் எண்ணெயைத் தடவக் கூடாது. கறை படியும், தாளும் பழுத்துவிடும். கடற்கரை ஈரப்பதத்தில் நம் புத்தக அலமாரிகளில் வெள்ளிமீன் போன்ற பூச்சிகள் சேர்வதற்கு முதல் காரணம் புழுக்கம் என்பதால், முதலில் புத்தகங்களை எடுத்துத் தட்டி, அலமாரியை உலரவிட வேண்டும். பிறகு ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் பஞ்சை வைத்து, அதில் பத்துப் பதினைந்து சொட்டு எலுமிச்சைப்புல் எண்ணெயோ கிராம்பு எண்ணெயோ விட்டு, மூடாமல், புத்தகத்தில் படாதபடி மூலையில் வைத்துக் கதவைச் சாத்தி வைக்கலாம். மணம் உங்கள் மூக்குக்குத் தெரியாமல் போகும் நாள்தான் மறுபடி சொட்டு விட வேண்டிய நாள். கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் இது இரண்டு மூன்று வாரங்கள் வரும். கதவில்லாத தட்டில் இரண்டு நாள்கூட வராது.

பட்டுப் புடவை வைக்கும் பீரோவில் வெட்டிவேர்ச் சுருளைப் போட்டு வைத்த பாட்டிமார்கள் இந்த வேதியியலைக் கையால் அறிந்திருந்தார்கள். நீலகிரி தைலம், சிட்ரோனெல்லா ஆகியவற்றின் மூலக்கூறுகள் பெரும்பாலும் பத்துக் கார்பன் அணுக்கள் கொண்ட சிறியவை, விரைவில் பறந்துவிடும். வெட்டிவேர் எண்ணெயின் மூலக்கூறுகள் பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்ட கனமானவை. மாதக்கணக்கில் மெதுவாக மணக்கும். வெட்டிவேர் எண்ணெயில் சிறிதளவு உள்ள நூட்கட்டோன் என்ற பொருளை, கொசுவுக்கும் உண்ணிக்கும் எதிரான மருந்தாக 2020-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பதிவு செய்தது. அதே பொருள் கரையானையும் விரட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்காக வீட்டில் கரையான் மண்கோடு ஏறும் இடத்தில் வெட்டிவேர் எண்ணெயைப் பூசிவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ராணி இருப்பது மண்ணுக்கு அடியில், கரையான் வேறொரு மூலையில் ஏறிக்கொள்ளும். அது மண்ணுக்கு மருந்திடும் தொழிலாளர்களின் வேலை.

பீரோவில் நாம் போடும் அந்துருண்டையும் ஆவியாகித்தான் வேலை செய்கிறது. ஆனால் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, நாப்தலின் ஏறிய துணியைச் சுற்றுவதே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடும். பச்சிளம் குழந்தை உள்ள வீட்டில் அதற்குப் பதிலாக வெட்டிவேரைப் போடுவதை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

தானிய டப்பாவும் மூடிய இடம்தான், ஆனால் அதற்குள் இருப்பது நாம் உண்ணும் பொருள். அரிசி வண்டின் பெண் அரிசியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடுகிறது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வண்டாக வெளியே வரும் வரை எந்த மணமும் அதை எளிதில் எட்டாது. அரிசியில் எண்ணெயைச் சொட்ட விட்டால் சோறு மணக்கும், வண்டு அப்படியே இருக்கும். டப்பாவில் வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடுவது புதிதாக வரும் வண்டைத் தடுக்க உதவலாம். வசம்பு போடும் வழக்கத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அதன் எண்ணெயிலுள்ள பீட்டா அசரோன் பூச்சியின் இனப்பெருக்கத்தைக் கெடுப்பது உண்மைதான் என்றாலும், விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியது தெரிந்து 1968-லேயே அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டது. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வாங்கிய பொருளுக்கு இப்படி ஒரு மறுபக்கம். பருப்புக்கோ நம்மவர்கள் ஆவியாகாத எண்ணெயைத் தேர்ந்தெடுத்தார்கள். பயறு வண்டு பருப்பின் மேற்பரப்பில்தான் முட்டையிடும். விளக்கெண்ணெய் தடவிய துவரம் பருப்பில் அந்த முட்டை மூச்சடைத்துப் போகும்.

மூட்டைப்பூச்சியைப் பற்றி ஒரு தகவல் போதும். 2014-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நறுமண எண்ணெயும் சோப்பும் சார்ந்த 11 கடைத் தயாரிப்புகளை நேரடியாகத் தெளித்துச் சோதித்ததில், இரண்டு மட்டுமே 90 சதவீதத்துக்கும் மேல் மூட்டைப்பூச்சிக் குஞ்சுகளைக் கொன்றன. தோற்றவற்றிலும் ஏறக்குறைய அதே எண்ணெய்கள்தாம் இருந்தன. கலக்கும் விதமே வேறுபாட்டை உண்டாக்கியிருக்கலாம். அதனால் வீட்டில் நாமே கலக்கும் கலவையை மூட்டைப்பூச்சிக்கு நம்பக் கூடாது. கட்டில் இடுக்கில் கொதிநீர் ஊற்றுவதும், துணிகளை வெந்நீரில் துவைப்பதும் அதைவிட நிச்சயமானவை.

இனி கலக்கும் முறை. ஒரு மில்லிலிட்டர் எண்ணெய் சுமார் 20 சொட்டு. 100 மில்லிலிட்டர் கலவைக்கு ஒரு மில்லிலிட்டர் போதும். அது ஒரு சதவீதம். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால், முதலில் அதை அரைத் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தில் நன்றாகக் கலந்து, பிறகு தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் குலுக்கித் தெளிக்க வேண்டும். குலுக்காவிட்டால் ஒரு நேரம் வெறும் தண்ணீரும், இன்னொரு நேரம் வெறும் எண்ணெயும் வரும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலப்பது நல்லது. பாலிஷ் செய்த மரத்திலும் பளிங்கிலும் தெளிப்பதற்கு முன் ஓரத்தில் சிறிது பட்டுப் பார்க்க வேண்டும். இந்த எண்ணெய்கள் நல்ல கரைப்பான்கள். ஒரு துண்டு தெர்மாகோலில் ஆரஞ்சு எண்ணெயைச் சொட்டிப் பாருங்கள், குழி விழும். தூய எண்ணெயை அதனாலேயே கண்ணாடிக் குப்பியில் விற்கிறார்கள். அவற்றில் பலவற்றின் ஆவி ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. எரியும் கேஸ் அடுப்புக்கும் குத்துவிளக்குக்கும் அருகில் தெளிக்கக் கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, குப்பியில் செடியின் பெயர் இருக்கிறதா, அல்லது ஃப்ராக்ரன்ஸ் ஆயில் என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்பதை. பின்னது செயற்கை வாசனை. பூச்சியை விரட்ட அதை நம்ப முடியாது. பூச்சிகளைக் கொல்லும், விரட்டும் என்று உரிமை கோரி விற்கும் பொருள் இந்தியாவில் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். பதிவு எண்ணும், நச்சின் அளவைக் காட்டும் நிறக் குறியும் அதன் அட்டையில் இருக்கும். மூலிகை என்ற சொல்லும் இலைப் படமும் மட்டும் உள்ள அட்டையை நான் வாங்குவதில்லை.

எட்டிக்கொட்டையும் இயற்கையில் விளைந்ததுதான் என்பதால், இயற்கைப் பொருள் தீங்கு செய்யாது என்ற வாதம் நிற்காது. கலக்காத எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் எழலாம்; திறந்து நெடுநாளான ஆரஞ்சு எண்ணெயும் டீ ட்ரீ என்ற ஆஸ்திரேலிய மரத்தின் எண்ணெயும் காற்றுபட்டு மாறி ஒவ்வாமையைத் தூண்டும். ஆஸ்துமா உள்ளவரின் அறையில் டிஃப்யூசர் வேண்டாம். பூனையின் கல்லீரலில் இவற்றைச் சிதைக்கும் ஒரு நொதி மிகக் குறைவு. எண்ணெய் பட்ட ரோமத்தை நக்கியே அது நோயுறும். கைக்குழந்தையின் சட்டையில் கற்பூரத்தை முடிந்து வைப்பது, மூக்கடியில் நீலகிரி தைலம் தடவுவது ஆகிய பழக்கங்களை விட்டுவிட வேண்டும். தைலக் குப்பியைச் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கும் வீடுகள் ஏராளம். ஒரு தேக்கரண்டி நீலகிரி தைலமோ சிறிதளவு கற்பூரமோ உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். அப்படி நேர்ந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, ஏனெனில் மேலே வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 108-ஐ அழைத்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவர் பார்க்கும்படி அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.